புதுத் துணியின் கஞ்சி எங்கே போகிறது?

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் கடைத்தெருவில் வாங்கும் சாமான்களில் ஈரிழைத் துண்டும் ஒன்று. வாங்கிய புதிதில் அது மொடமொடவென்று இருக்கும். துவட்டினால் ஈரத்தை இழுக்காது. அருவியில் நனைத்துப் பிழிந்தால் கையில் வழவழப்பாக ஏதோ படும். பிழிந்த தண்ணீர் லேசாகக் கலங்கியிருக்கும். நாலைந்து தடவை அலசிய பிறகுதான் மெத்தென்று ஆகும். கேட்டால், "கஞ்சி போயிருச்சு" என்பார்கள்.

போனது எங்கே? தண்ணீரில் கரைந்துவிட்டது என்பதோடு நாம் கேள்வியை முடித்துக்கொள்கிறோம். ஆனால் கரைவது வேறு, சிதைவது வேறு. உப்பு தண்ணீரில் கரைகிறது. அதனால் உப்பு இல்லாமல் போய்விடுவதில்லை. துணியிலிருந்து கரைந்து போகும் கஞ்சியில் ஒரு வகை சில நாட்களில் சிதைந்துவிடும். இன்னொரு வகை அப்படிச் சிதைவதில்லை. அந்த இரண்டாவது வகையைத் தின்னக் கற்றுக்கொண்ட பாக்டீரியாக்கள் சில உண்டு. அவை எப்படித் தின்கின்றன, அதை நாம் எப்படித் தெரிந்துகொண்டோம் என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் கஞ்சி எதற்கு என்று பார்த்துவிடலாம். தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே ஓடுவது ஊடை. பாவின் ஒவ்வொரு இழையும் விழுதின் கண்ணிலும் அச்சின் பல்லிலும் துணியாகி முடிவதற்குள் ஆயிரக்கணக்கான தடவை உரசுகிறது. பஞ்சு நூலின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகள் ஒன்றோடொன்று சிக்கினால் இழை அறுந்துவிடும், தறி நிற்கும். பிசிறைப் படியவைத்து நூலைச் சுற்றி மெல்லிய உறைபோலப் பூசுவதற்குத்தான் கஞ்சி. கைத்தறிக் காலத்தில் விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் பாவை விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சியைத் தடவி, பிரஷால் வாரிவிடுவார்கள். பாவு தோய்தல் என்று பெயர். விசைத்தறி வந்த பிறகு அந்த வேலை சைசிங் மில்லுக்குப் போய்விட்டது.

சைசிங் மில்லில் மாவுச்சத்து மட்டும் போதவில்லை. மாவுச்சத்துப் பூச்சு காய்ந்தால் நொறுங்கும் தன்மையுள்ளது. பாலியெஸ்டர் கலந்த நூலில் சரியாகப் பிடிக்காது. வேகமாக ஓடும் தறிக்கு இழுத்தாலும் வளைத்தாலும் தாங்கும் பூச்சு தேவைப்பட்டது. அப்படி வந்ததுதான் பாலிவினைல் ஆல்கஹால், சுருக்கமாக பி.வி.ஏ. 1924-ல் ஜெர்மனியில் ஹெர்மன், ஹேனல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை முதலில் உருவாக்கினார்கள். வெள்ளைப் பொடியாகவோ மணியாகவோ வரும். வெந்நீரில் கரைத்தால் பாகுபோல் ஆகும். காய்ந்தால் கண்ணாடிபோன்ற மெல்லிய படலமாகும். நிறமற்ற பசையிலும், கண் உலர்ச்சிக்குப் போடும் சொட்டு மருந்து சிலவற்றிலும்கூட இது இருக்கிறது. மாவுச்சத்தோடு இதைக் கலந்து பாவுக்கு ஏற்றுவது இன்று உலகமெங்கும் பழக்கம். எவ்வளவு கலப்பது என்பது நூலையும் தறியையும் பொறுத்து மாறும். பாவு நூலின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சைசிங் பூச்சு ஏறுவது சாதாரணம்.

துணி தறியிலிருந்து இறங்கியதும் இந்தப் பூச்சுக்கு வேலை முடிந்தது. அது இருக்கும்வரை சாயம் உள்ளே இறங்காது, துணி தண்ணீரை இழுக்காது. ஆகவே சலவைப்பட்டறையிலோ சாயப்பட்டறையிலோ முதல் வேலையாக அதைக் கழுவி எடுக்கிறார்கள். கஞ்சி நீக்கம் என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு பாடுபட்டு ஏற்றியது முழுவதும் கழிவுநீரில் போகிறது.

நெசவுக் கழிவு என்றதும் எல்லாருக்கும் நினைவுக்கு வருவது திருப்பூர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்குள்ள சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும், நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாடும் ஊரறிந்த கதை. ஆனால் திருப்பூர் பின்னலாடை ஊர். பின்னலுக்குப் பாவு கிடையாது, பாவு இல்லாவிட்டால் சைசிங் கிடையாது. அங்கே சிக்கல் உப்பும் சாயமும். பி.வி.ஏ. நெய்யும் ஊர்களின் சிக்கல். தென்காசி மாவட்டத்தில் சங்கரன்கோவில், புளியங்குடி பக்கம் விசைத்தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைப் பார்க்கலாம். கடையநல்லூருக்கும் பழைய நெசவு மரபு உண்டு. எல்லையைத் தாண்டினால் ராஜபாளையத்துக்கு அருகே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். பேண்டேஜ் துணி போட்ட கணமே ஈரத்தை இழுக்க வேண்டும்; ஆகவே அதில் ஏற்றிய கஞ்சியைத் துளி மிச்சமில்லாமல் கழுவியாக வேண்டும். புதுத் துண்டில் கொஞ்சம் கஞ்சி தங்கி உங்கள் வீட்டுக்கு வரலாம். பேண்டேஜில் தங்கக் கூடாது, முழுதும் தண்ணீருக்குத்தான் போக வேண்டும்.

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் தேய்த்துக் குளிக்கத் தடை இருக்கிறது. நுரை கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் தடுக்கவும் முடிகிறது. கரைந்த பி.வி.ஏ. கண்ணுக்குத் தெரியாது; நிறமில்லை, நாற்றமில்லை. அதைவிடக் கவலை தருவது, கழிவுநீரைச் சோதிக்கும் முறைகளில் ஒன்றின் கண்ணுக்கும் அது தப்பிவிடுகிறது என்பது.

கழிவுநீர் எவ்வளவு கெட்டது என்று பார்க்க இரண்டு சோதனைகள் செய்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றன: இந்த நீரில் உள்ள கரிமப் பொருளை எரித்து முடிக்க எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும்? முதல் சோதனையில் எரிக்கிற வேலையை நுண்ணுயிரிகளிடம் விடுகிறார்கள். இந்தியாவில் 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்து, அவை எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்த்தன என்று அளக்கிறார்கள். இது உயிர்வழி ஆக்சிஜன் தேவை, ஆய்வகத்தில் பி.ஓ.டி. என்பார்கள். இரண்டாவதில் நுண்ணுயிரிக்கு வேலையில்லை. டைகுரோமேட் என்ற கடுமையான வேதிப்பொருளையும் அமிலத்தையும் சேர்த்து 2 மணி நேரம் கொதிக்கவைத்து எல்லாவற்றையும் எரித்துவிடுகிறார்கள். இது வேதிவழி ஆக்சிஜன் தேவை, சி.ஓ.டி. ஆற்றிலோ ஓடையிலோ விடும் கழிவுநீருக்குப் பொதுவான வரம்பு லிட்டருக்கு பி.ஓ.டி. 30 மில்லிகிராம், சி.ஓ.டி. 250 மில்லிகிராம்.

அரிசிக் கஞ்சியை இரண்டு சோதனைக்கும் அனுப்பினால் இரண்டிலும் எண் உயரும்; நுண்ணுயிரிக்கு அது விருந்து. பி.வி.ஏ. கரைத்த நீரை அனுப்பினால் சி.ஓ.டி. எகிறும்: லிட்டருக்கு 1 கிராம் இருந்தாலே 1,800 மில்லிகிராம் அளவுக்குப் போகும். பி.ஓ.டி.யோ ஏறக்குறைய அசையாது. 3 நாளில் அதைத் தொட்டுப் பார்க்கிற நுண்ணுயிரி அந்தக் குப்பியில் இல்லை. பி.ஓ.டி.யை மட்டும் பார்க்கிறவருக்குத் தண்ணீர் சுத்தம். இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவருக்குத்தான் உயிர்கள் சீந்தாத ஏதோ ஒன்று இங்கே நிறைய இருக்கிறது என்று புரியும். ஒரு கழிவுநீரின் குணத்தைச் சொல்வதற்கு இந்த இரண்டு எண்ணுக்கும் இடையிலுள்ள இடைவெளியைப்போல் உதவுவது வேறொன்றில்லை என்பது என் எண்ணம்.

பி.வி.ஏ. நஞ்சா? கண்ணில் விடுகிற மருந்தில் சேர்க்கிற பொருளை நஞ்சென்று சொல்ல முடியாது. தொல்லை வேறு வகையில் வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் காற்று ஊதும் தொட்டியில் அது மலையாக நுரை கிளப்பும். நீரைப் பாகாக்கும். உப்பைப் பிரிக்கும் சவ்வு வடிகட்டிகளின் மேல் படிந்து அடைக்கும். சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டால் குளத்திலும் கால்வாயிலும் வெகுநாள் கிடக்கும்.

மாவுச்சத்தும் நீண்ட சங்கிலி, பி.வி.ஏ.யும் நீண்ட சங்கிலி. இப்படிச் சிறு மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்து உண்டாகும் நெடுஞ்சங்கிலிக்குத்தான் பாலிமர், தமிழில் பலபடி, என்று பெயர். ஒன்றை மட்டும் உயிர்கள் சுலபமாகத் தின்கின்றனவே, ஏன்? கரும்பை வைத்துச் சொல்லலாம். கரும்பை முறிக்கிறவர்கள் கணு பார்த்து முறிப்பார்கள். மாவுச்சத்தில் ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் அடுத்த குளுக்கோஸுக்கும் நடுவே ஓர் ஆக்சிஜன் அணு பாலமாக நிற்கிறது. அதுதான் கணு. நம் எச்சிலில் உள்ள அமைலேஸ் என்ற நொதி அந்தக் கணுவில் ஒரு நீர் மூலக்கூறைச் செருகி முறித்துவிடுகிறது. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிப்பது அதனால். பாக்டீரியா, பூஞ்சை என்று உலகில் பாதி உயிர்களிடம் இந்தக் கத்தி இருக்கிறது. துணி ஆலைகளே அமைலேஸை வாங்கிக் கஞ்சி நீக்கத்துக்குப் பயன்படுத்துகின்றன.

பாலித்தீன் பையின் பாலிமர் சங்கிலியில் கார்பனுக்கு அடுத்து கார்பன், அதற்கடுத்தும் கார்பன். கணுவே இல்லாத கரும்பு. நீரைச் செருக இடமில்லை, ஆகவே நீரைச் செருகி முறிக்கும் நொதிகள் எதுவும் உதவாது. பி.வி.ஏ.யின் முதுகெலும்பும் இதே வகை, கார்பன்மேல் கார்பன். ஒரு வித்தியாசம்: ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஹைட்ராக்சில் என்ற கூட்டு பக்கவாட்டில் தொங்குகிறது. தண்ணீரோடு அதை உறவாட வைப்பது இந்தத் தொங்கல்தான், பி.வி.ஏ. கரைவதற்கும் இதுவே காரணம். சங்கிலியின் முதுகு அப்படியே இருக்கிறது. கரைந்தும் சிதையாமல் இருக்கும் விந்தை இங்கே விளங்கிவிடுகிறது.

அந்தத் தொங்கலையே ஒரு பாக்டீரியா பிடியாக மாற்றிக்கொள்கிறது. முதல் படியில் அடுத்தடுத்த இரண்டு ஹைட்ராக்சில்களிலிருந்து ஹைட்ரஜனை உருவி எடுத்து, அந்த இரு கார்பன்களையும் கீட்டோன் என்ற நிலைக்குக் கொண்டுபோகிறது. அதாவது ஒவ்வொன்றும் தன் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் நிற்கும். இரண்டு கீட்டோன்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட கார்பனின் பிணைப்பு இரு பக்கமும் இழுபட்டுத் தளர்ந்துவிடும். கணு இல்லாத இடத்தில் கணு உண்டாக்கியாயிற்று. இரண்டாம் படியில் வேறொரு நொதி வந்து, அமைலேஸ் செய்வதைப்போலவே, அங்கே நீரைச் செருகி முறிக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான இடங்களில் முறிந்து சங்கிலி சிறு துண்டுகளாகிறது. துண்டுகளை பாக்டீரியா உள்ளே இழுத்து, நாம் சோற்றை எரிப்பதுபோல எரித்து, கார்பன் டை ஆக்சைடும் நீருமாக வெளியே விடுகிறது.

இதைக் கண்டுபிடித்த கதை ஜப்பானில் நடந்தது. அதற்குக் காரணம் உண்டு. 1939-ல் சகுராதா இச்சிரோவின் குழு கியோட்டோவில் பி.வி.ஏ.யிலிருந்தே வினைலான் என்ற இழையை உருவாக்கியது. போருக்குப் பிறகு அந்த நாட்டில் பி.வி.ஏ. தொழில் பெரிதாக வளர்ந்தது. கழிவும் கூடவே வளர்ந்தது. 1973-ல் சுசூகி குழுவினர் பி.வி.ஏ.யை உண்டு வாழும் சூடோமோனாஸ் வகை பாக்டீரியா ஒன்றைப் பற்றி எழுதினார்கள். தேடிய முறை நுண்ணுயிரியலில் பழையது, எளியது. தாது உப்புகள் கரைத்த நீரில் கார்பனுக்கு பி.வி.ஏ.யைத் தவிர வேறெதையும் போடாமல் கொஞ்சம் மண்ணைக் கலக்கிக் குலுக்கிவைப்பார்கள். தின்ன முடிந்தது வளரும், முடியாதது பட்டினியில் சாகும். சில நாள் கழித்து அதிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் புதுக் குடுவையில் விட்டு மறுபடி அதே பட்டினி. இப்படித் திரும்பத் திரும்பச் செய்தால் கடைசியில் மிஞ்சுவது நமக்கு வேண்டிய ஆள். செறிவூட்டல் என்பது இந்த முறையின் பெயர்.

1981-ல் சகசவா, ஷிமாவோ, கட்டோ என்ற ஆராய்ச்சியாளர்கள் இதே வேலையைச் செய்தபோது ஒரு புதிர் எழுந்தது. கலவையாக இருக்கும்வரை குடுவை பி.வி.ஏ.யை நன்றாகத் தின்றது. வழக்கப்படி அதில் இருக்கும் பாக்டீரியாக்களைத் தனித்தனியாகப் பிரித்து வளர்த்தால் பி.வி.ஏ.யில் ஒன்றுகூட வளரவில்லை. பிரித்ததில் இரண்டை மட்டும் மறுபடி ஒன்றாக விட்டார்கள், வளர்ந்தன. அவற்றுக்கு வி.எம்.15ஏ, வி.எம்.15சி என்று அடையாளம் வைத்திருந்தார்கள். முறிக்கும் நொதிகள் சி-யிடம் இருந்தன. ஆனால் ஏ இல்லாமல் சி அந்த உணவில் வளரவில்லை. ஏ ஏதோ ஒன்றைத் தண்ணீரில் கசியவிடுகிறது, அது இல்லாமல் சி-க்கு ஓடாது என்று தெரிந்தது. அந்த ஏதோ ஒன்று என்ன?

விடை 1984-ல் வந்தது. பைரோலோகுயினோலின் குயினோன், வாயில் நுழையாத இந்தப் பெயரைச் சுருக்கி பி.கியூ.கியூ. என்கிறார்கள். நமக்கு வைட்டமின்கள் எப்படியோ சி-க்கு அது அப்படி. முதல் படியில் பி.வி.ஏ.யிடமிருந்து ஹைட்ரஜனை உருவும் நொதிக்கு, உருவியதைப் பிடித்து அடுத்த கைக்கு மாற்றிவிட ஒரு சிறு துணை மூலக்கூறு வேண்டும். இப்படிப்பட்ட துணையை இணைநொதி என்கிறோம். நொதியைச் செய்ய சி-க்குத் தெரியும், இணைநொதியைச் செய்யத் தெரியாது. ஏ-க்கு இணைநொதி செய்யத் தெரியும், பி.வி.ஏ.யை முறிக்கத் தெரியாது. குடுவையில் வேறு உணவே இல்லை என்பதால், சி முறித்துப் போட்டதன் மிச்சத்தில்தான் ஏ வாழ்ந்திருக்க வேண்டும்.

இந்தச் சம்பவத்தை நான் இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஒரு நோய்க்கு ஒரு கிருமி, ஒரு வேலைக்கு ஒரு பாக்டீரியா என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக ஊறியிருக்கிறது. அந்த எண்ணத்தோடு குடுவையிலிருந்ததைத் தனித்தனியாகப் பிரித்துச் சோதித்துவிட்டு, இதில் பி.வி.ஏ. தின்னும் பாக்டீரியாவே இல்லை என்று எழுதியிருந்தால் அந்தச் சோதனைப்படி அது தப்பாகவும் இருந்திருக்காது. தின்கிற திறமை ஒரு தனி உயிரிடம் இல்லாமல் ஒரு கூட்டத்திடம் இருந்தது. துணைக்கு ஆள் தேவைப்படாத பாக்டீரியாக்களும் பின்னால் கிடைத்தன. ஆனாலும் கழிவுநீர்த் தொட்டியில் நடப்பது பெரும்பாலும் கூட்டு வேலைதான்.

தின்றது என்று எப்படி நிச்சயமாகச் சொல்கிறார்கள்? பள்ளியில் எல்லாரும் செய்த அயோடின் சோதனையின் நெருங்கிய உறவு ஒன்று இங்கே உதவுகிறது. மாவுச்சத்தில் அயோடின் விட்டால் கருநீலம். பி.வி.ஏ.யில் போரிக் அமிலத்தோடு அயோடினைச் சேர்த்தால் நீலப்பச்சை. பி.வி.ஏ. கலந்து உறையவைத்த ஊடகத் தட்டில் பாக்டீரியாவை வளர்த்து, மேலே இந்தக் கரைசலை ஊற்றினால் தட்டு முழுக்க நிறமேறும். தின்கிற பாக்டீரியாத் திட்டைச் சுற்றி மட்டும் வட்டமாக நிறமில்லாமல் வெளுத்திருக்கும். முதல் தடவை பார்க்கிற மாணவருக்கு அது மறக்காத காட்சி.

ஆனால் அந்த வட்டத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. அயோடின் நிறம் கொடுப்பது நீளமான சங்கிலிக்கு. சங்கிலி சில இடங்களில் முறிந்து குட்டையானாலே நிறம் போய்விடும். கார்பன் முழுவதும் அந்த நீரிலேயே இருக்கலாம். நிறம் 90 சதவீதம் குறைந்தது என்று சொல்லும் ஆய்வு, சி.ஓ.டி. எவ்வளவு குறைந்தது என்பதையும் கூடவே சொன்னால்தான் எடுத்துக்கொள்ள முடியும். இன்னொரு பொறியும் இருக்கிறது. பி.வி.ஏ. பசை அல்லவா, சுத்திகரிப்புத் தொட்டியில் நுண்ணுயிரிகள் திரண்டு மிதக்கும் கசட்டின்மேல் ஒட்டிக்கொள்ளும். தெளிந்த நீரில் அளந்தால் குறைந்ததுபோல் தெரியும். உண்மையில் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு குடுவையில் உயிருள்ள கசடும் இன்னொன்றில் சூடேற்றிக் கொன்ற கசடும் வைக்கிறார்கள். செத்த கசட்டிலும் அதே அளவு குறைந்தால் அது ஒட்டல், சிதைவு இல்லை. வெளியே வரும் கார்பன் டை ஆக்சைடை அளந்துவிட்டால் சந்தேகத்துக்கு இடமில்லை. எரியாத கார்பன் வாயுவாக வராது.

குடுவையில் நடந்தது தொட்டியில் நடக்குமா? நடக்கிறது, நிபந்தனைகளோடு. சுத்திகரிப்பு நிலையத்தின் காற்றூட்டும் தொட்டியில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் பழுப்புக் கசடாக மிதக்கின்றன. தினமும் அதில் கொஞ்சத்தை வெளியே எடுத்துவிடுவார்கள். ஒரு நுண்ணுயிரி தொட்டியில் சராசரியாக எத்தனை நாள் தங்குகிறது என்பதைக் கசடு வயது என்கிறோம். பி.வி.ஏ. தின்கிறவை மெதுவாகப் பெருகுகிறவை. அவை பெருகும் வேகத்தைவிட நாம் அள்ளி வெளியேற்றும் வேகம் அதிகமானால் கூட்டம் தேய்ந்து காணாமலே போகும். ஆகவே கசடு வயதைக் கூட்டி வைக்க வேண்டும். அவற்றின் முதல் படி ஹைட்ரஜனை உருவுவது என்பதால் அதை வாங்கிக்கொள்ள ஆக்சிஜன் தாராளமாக வேண்டும். காற்றில்லாத் தொட்டியில் இந்த வேலை மிக மந்தம். குளிர் நாடுகளில் வெப்பம் குறைந்தால் வேகம் விழுந்துவிடுகிறது. பொதிகைச் சாரல் விழுந்தாலும் தென்காசிச் சமவெளியின் தொட்டிநீர் அப்படிக் குளிர்ந்துபோவதில்லை. இந்த ஒரு விஷயத்தில் நம் ஊர் கொடுத்துவைத்தது.

பழக்கமும் வேண்டும். புதிதாக பி.வி.ஏ. வந்து சேரும் தொட்டியில் முதல் சில வாரங்களுக்குப் பெரிதாக ஒன்றும் நடக்காது. எங்கோ ஓரத்தில் சொற்பமாக இருந்த அந்தக் கூட்டம் பெருகி வரும்வரை காத்திருக்க வேண்டும். வந்த பிறகு மில்காரர் மாவுச்சத்துக்கு மாறி, இரண்டு மாதம் கழித்து பி.வி.ஏ.க்குத் திரும்பினால் கூட்டம் கலைந்திருக்கும், கதை முதலிலிருந்து.

தமிழ்நாட்டில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தொடங்கும்போது சாணியைக் கரைத்து ஊற்றுவது வழக்கம். மாவுச்சத்துக்கும் நார்ப்பொருளுக்கும் மாட்டுக் குடல் நுண்ணுயிரிகள் பழகியவை, பி.வி.ஏ.யை மாடு தின்பதில்லை. ஏற்கெனவே பல ஆண்டு பி.வி.ஏ. பார்த்த நிலையத்திலிருந்து ஒரு லாரி கசடு கொண்டுவந்து விடுவது அதைவிடப் பலன் தரும். பொட்டலத்தில் விற்கும் பாக்டீரியாப் பொடிகளைப் பற்றியும் எனக்கு அதே எண்ணம்தான். ஆய்வகத்தில் தனியே சுகமாக வளர்ந்த ஒன்றை ஆயிரம் வகை உயிர்கள் மோதிக்கொள்ளும் தொட்டியில் கொட்டினால், அங்கே தங்கி நிலைக்க அதற்கு ஏதாவது காரணம் வேண்டும். கசடு வயதையும் காற்றையும் சீராக்காமல் பொடி மட்டும் போடுவது பணத்தைத் தண்ணீரில் கரைப்பது. குற்றாலக் காட்டு மண்ணில் நுண்ணுயிர் வளம் அபாரம்தான். என்றாலும் பி.வி.ஏ. தின்கிறவை வேண்டுமென்றால் பல ஆண்டுகளாகக் கஞ்சி கழுவிய தண்ணீர் ஓடும் சாக்கடையின் சேற்றில் தேடுவதே புத்திசாலித்தனம். அந்த உணவு அங்கேதான் இருந்திருக்கிறது.

பிளாஸ்டிக் தின்னும் பாக்டீரியா என்று செய்திகளில் அடிக்கடி வருவது வேறு ஆள். 2016-ல் ஜப்பானின் சகாய் நகரில் பாட்டில் மறுசுழற்சி ஆலைப் பக்கம் கிடைத்த இடியோனெல்லா சகாயென்சிஸ், பெட் என்ற பாலியெஸ்டரைத் தின்கிறது. நம் சட்டையின் பாலியெஸ்டர் இழையும் அதே பொருள்தான். ஆனால் பெட்டின் சங்கிலியில் கணு உண்டு. தடை வேறு இடத்தில் இருக்கிறது. இழையாக இழுத்து நீட்டும்போது சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டுப் படிகம்போல் இறுகிவிடுகின்றன; நொதி உள்ளே நுழைய இடமில்லை. அந்த பாக்டீரியா இறுக்கம் குறைந்த மெல்லிய படலத்தையே 30 டிகிரி வெப்பத்தில் சிதைக்க 6 வாரம் எடுத்துக்கொண்டது. துவைக்கும்போது உதிர்ந்து ஓடும் பாலியெஸ்டர் நுண்ணிழைகளுக்கு இன்றைக்கு நல்ல வழி வடிகட்டிப் பிடிப்பதுதான். பாக்டீரியாவைக் காரணம் காட்டி அந்த வேலையைத் தள்ளிப்போடக் கூடாது.

பி.வி.ஏ.யையும் முழுக்க பாக்டீரியாவின் தலையில் கட்ட வேண்டியதில்லை. துணியை வெந்நீரில் போடும் முதல் அலசலிலேயே பூச்சின் பெரும் பகுதி வந்துவிடும். அந்த முதல் தண்ணீரை மற்றதோடு கலக்காமல் தனித் தொட்டியில் பிடித்து, நுண்சவ்வு வழியே வடித்தால் பெரிய சங்கிலிகள் இந்தப் பக்கம் நின்றுவிடும். தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும். செறிந்த பி.வி.ஏ.யை மறுபடி பாவுக்கு ஏற்றலாம். அமெரிக்க நெசவாலைகள் 1970-களிலேயே இதைச் செய்தன. நூற்பும் நெசவும் சலவையும் ஒரே கூரையின் கீழ் இருந்த பெரிய ஆலைகள் அவை. நம் பக்கம் சைசிங் ஓரிடம், தறி ஓரிடம், சலவை வேறோரிடம். கழுவுகிற இடத்தில் கிடைக்கும் பசையை ஏற்றுகிற இடத்துக்குக் கொண்டுபோக யாருக்கும் கட்டுப்படியாகாது. மீட்டெடுக்க முடியாத அந்த மிச்சம்தான் பாக்டீரியாவின் பங்கு. சலவைப்பட்டறைகளின் முதல் அலசலைத் தனியாகச் சேர்த்து, கசடு வயது கூடிய பொதுத் தொட்டி ஒன்றுக்கு அனுப்பினால் தின்கிற கூட்டத்துக்கு நாள் தவறாமல் உணவு கிடைக்கும், கலையாது. ஆழ்வார்குறிச்சியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் அறிவியல் மையம் இருக்கிறது. குற்றாலத்தில் பராசக்தி மகளிர் கல்லூரி இருக்கிறது. அயோடின், போரிக் அமிலம், நான்கைந்து குடுவைகள், செத்த கசடு ஒன்று, உயிருள்ள கசடு ஒன்று: இளநிலை மாணவர்களே செய்து பார்க்கக்கூடிய ஆய்வு இது.

அதற்கு முன்னால் காசு செலவில்லாத ஒரு வேலை பாக்கியிருக்கிறது. சலவைப்பட்டறைக்கு வரும் துணியில் மாவுச்சத்து ஏறியிருக்கிறதா, பி.வி.ஏ.யா, இரண்டும் கலந்ததா என்பது பெரும்பாலும் கழுவுகிறவருக்குத் தெரியாது. அமைலேஸ் போட்டுப் பார்ப்பார்; பி.வி.ஏ.யை அது தொடாது, வெந்நீர்தான் எடுக்கும். தண்ணீர் போய்ச் சேரும் தொட்டியைக் கவனிப்பவருக்கும் தெரியாது. நுரை ஏன் திடீரென்று கிளம்புகிறது என்று திகைப்பார். சைசிங் மில்லில் கலவை போடும்போதே அதில் என்ன, எத்தனை சதவீதம் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாவுடன் தறிக்கும், துணியுடன் பட்டறைக்கும் அனுப்பிவிடலாம். சீட்டு வராத துணியின் ஓரத்தில் அயோடின் ஒரு சொட்டு, பக்கத்தில் போரிக் அமிலம் கலந்த அயோடின் ஒரு சொட்டு. முதல் சொட்டு கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது. முதல் சொட்டு நிறம் மாறாமல் இரண்டாவது நீலப்பச்சையானால், அந்தச் சுமையின் முதல் அலசலைத் தனித் தொட்டிக்குத் திருப்ப வேண்டும்.